மின்சார வெளிப்பொருத்து இயந்திரம்

மின்சார வெளிப்பொருத்து இயந்திரம் என்பது சிறு படகின் பின்பலகையில் வெளிப்புறமாக மாட்டப்பட்டு, மின்கலத்திலிருந்து பெறும் ஆற்றலால் நீருக்குள் இருக்கும் சுழல்விசிறியைச் சுழற்றிப் படகை உந்தும் கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது மின்சார அவுட்போர்டு மோட்டார் எனப்படுகிறது. தமிழ்நாடு மீன்வளத் துறை ஆவணங்களில் படகின் உள்ளே நிலையாகப் பொருத்தப்படுவது உட்பொருத்தும் இயந்திரம் என்றும், வெளியே மாட்டிக் கழற்றக்கூடியது வெளிப்பொருத்தும் இயந்திரம் என்றும் வழங்கப்படுவதால், இக்கட்டுரையிலும் அச்சொல்லே கையாளப்படுகிறது.

பாய்மரப் படகுக்கு இயந்திரம் துணைக்கருவியே. காற்று விழுந்த நேரத்தில் கரை சேரவும், குறுகிய கால்வாயில் செல்லவும், படகுத்துறையில் அணையவும் அது பயன்படுகிறது. ஆகவே விசைப்படகுக்கு இயந்திரம் தெரிவு செய்யும் அளவுகோலும் பாய்மரப் படகுக்குரிய அளவுகோலும் ஒன்றல்ல. குறைந்த செலவில் ஒரு சிறு பாய்மரப் படகுக்கு இத்தகைய இயந்திரத்தை எவ்வாறு தெரிவு செய்வது என்பதை, திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காடு ஏரியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

வரலாறு

வெளிப்பொருத்து இயந்திரங்களுள் முதலாவது பெட்ரோலில் ஓடியது எனப் பலர் கருதுகின்றனர். உண்மையில் அது மின்சாரத்தில் ஓடியது. பிரான்சு நாட்டைச் சேர்ந்த குசுத்தாவ் துரூவே 1880 இல் காப்புரிமை பெற்று, 1881 இல் பாரிசு நகரின் சேன் ஆற்றில் ஒரு சிறு படகை மின்னோடியால் செலுத்திக் காட்டினார். மின்னோடி, சுக்கான், சுழல்விசிறி ஆகிய மூன்றும் ஒரே தொகுதியாக இருந்தன. முழுவதையும் படகிலிருந்து தூக்கி எடுத்துவிடலாம். இன்றைய இயந்திரத்தின் அடிப்படைக் கருத்து அதில் முழுமையாகவே இருந்தது. இல்லாதது நல்ல மின்கலம்தான். 1909 இல் அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் உருவாக்கிய பெட்ரோல் இயந்திரம் சந்தையைப் பிடித்துக்கொண்டபின், மின்சார வகை ஏறக்குறைய நூறாண்டுகள் ஓரமாகவே நின்றது.

இடைப்பட்ட காலத்தில் 1934 இல் அமெரிக்காவின் வடக்கு டக்கோட்டாவில் தூண்டில் மீன்பிடிப்போருக்காக ஒரு சிறிய மின் இயந்திரம் உருவாக்கப்பட்டது. மின் கோட்டா என்னும் நிறுவனம் அதிலிருந்தே தோன்றியது. மினசோட்டா, டக்கோட்டா என்னும் இரு மாநிலப் பெயர்களின் இணைப்பே இப்பெயர். இதில் வரும் 'மின்' என்பதற்கும் தமிழ் மின்சாரத்திற்கும் தொடர்பில்லை. மீனைக் கலைக்காமல் மெதுவாக நகர்வதற்கான இவ்வகை இயந்திரங்கள் டிரோலிங் மோட்டார் எனப்படுகின்றன. இன்றும் விலை குறைந்தவை இவையே.

லித்தியம் மின்கலங்கள் பரவியபின் 2005 இல் செருமனியில் தொடங்கப்பட்ட டார்கீடோ, 2012 இல் ஆங்காங்கில் தொடங்கப்பட்ட இ-புரொபல்சன் ஆகிய நிறுவனங்கள் மின்கலத்தையும் இயந்திரத்தையும் ஒன்றாக இணைத்து விற்கத் தொடங்கின. பெட்ரோல் இயந்திரங்களைச் செய்துவந்த பழைய நிறுவனங்களும் பின்னர் இத்துறைக்கு வந்தன. மெர்க்குரி நிறுவனம் 2023 இல் அவேட்டர் வரிசையை வெளியிட்டது. யமகா 2024 இல் டார்கீடோவை விலைக்கு வாங்கியது.

இந்தியாவில் மின்படகு என்றதும் நினைவுக்கு வருவது கேரளத்தின் வைக்கத்திற்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 முதல் ஓடும் 'ஆதித்யா' என்னும் சூரிய ஆற்றல் பயணிகள் படகு. 75 பேர் செல்லும் அப்படகில் 20 கிலோவாட் மின்னோடிகள் இரண்டும் 50 கிலோவாட்-மணி மின்கலமும் உள்ளன. துரூவேயின் பெயரால் வழங்கப்படும் மின்படகு விருது 2020 இல் இதற்குக் கிடைத்தது. வேம்பநாட்டுக் காயலில் முடிந்தது பழவேற்காட்டில் முடியாதா என்று கேட்போர் உண்டு. முடியும், ஆனால் இரு நீர்நிலைகளின் இயல்பும் வேறு, இங்கே பேசப்படும் படகின் அளவும் வேறு.

பழவேற்காடு ஏரியின் இயல்பு

பழவேற்காடு ஏரி ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயலாகும். இதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும் தென்பகுதி திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டங்களை ஒட்டியும் அமைந்துள்ளன. சிறீஅரிகோட்டாத் தீவு இதனை வங்காள விரிகுடாவிலிருந்து பிரிக்கிறது. ஆரணி ஆறும் காளங்கி ஆறும் இதில் கலக்கின்றன. பக்கிங்காம் கால்வாய் இதனூடே செல்கிறது. 1613 இல் ஒல்லாந்தர் இதன் கரையில் கெல்திரியா கோட்டையைக் கட்டிய காலத்தில் பாய்க்கப்பல்கள் வந்துசென்ற இடம் இது. இங்கு மீனவர்கள் தலைமுறைகளாகப் பாய் விரித்தும், கழி ஊன்றியும் தோணி செலுத்திவந்துள்ளனர். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகளும், நீண்ட தண்டுடன் கூடிய சிறு டீசல் இயந்திரங்களும் இக்கரையோரம் முழுவதும் பெருகின.

இயந்திரம் தெரிவு செய்பவருக்கு இவ்வேரியின் நான்கு இயல்புகள் முக்கியமானவை. முதலாவது ஆழம். சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர் மட்டுமே. பல இடங்களில் இடுப்பளவு நீர்கூட இராது. இரண்டாவது உப்பு. வடகிழக்குப் பருவமழையின்போது ஆற்று வெள்ளத்தால் நீர் நன்னீரை ஒத்திருக்கும். கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபட்டு நீர் ஆவியாகும்போது, சில பகுதிகளில் கடல்நீரையும் விஞ்சிய உப்புத்தன்மை ஏற்படும். மூன்றாவது வலை. 'பாடு' என்னும் மரபுவழி முறைப்படி மீன்பிடிக்கும் இடமும் நாளும் மீனவர்களிடையே பங்கிடப்பட்டிருக்கின்றன. ஏரியில் கழி நட்டுக் கட்டிய வலைகள் நீர்மட்டத்தில் எளிதில் கண்ணுக்குத் தெரிவதில்லை. சுழல்விசிறியில் வலை சிக்கினால் கெடுவது இயந்திரம் மட்டுமன்று, ஒரு குடும்பத்தின் அன்றைய உழைப்பும்தான்.

நான்காவது காற்று. விடியற்காலையில் நிலக்காற்று ஓய்ந்து ஏரி கண்ணாடிபோல் கிடக்கும். முற்பகலுக்குப்பின் கடற்காற்று எழுந்து பிற்பகலில் வலுக்கும். காலையில் காற்றில்லாததால் இயந்திரத்தில் புறப்பட்டுச் செல்பவர், திரும்பும்போது எதிர்க்காற்றில் மாட்டிக்கொள்வது இதனால்தான். மின்கலத்தின் அளவை அமைதியான நீரில் கணக்கிட்டு வாங்கியவர் ஏமாறுவதும் இங்கேதான்.

எவ்வளவு திறன் தேவை

படகு நீரைக் கிழித்துச் செல்லும்போது எழும் தடைவிசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது எனத் தோராயமாகக் கொள்ளலாம். திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. எனவே தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. வேகத்தை இருமடங்காக்க வேண்டுமெனில் எட்டு மடங்கு திறன் வேண்டும். இதற்கு மேலும் ஒரு தடை உண்டு. நீரைத் தள்ளிச் செல்லும் படகு தானே எழுப்பும் அலைக்குள் சிக்கிக்கொள்வதால், அதன் நீர்மட்ட நீளத்தைப் பொறுத்த ஒரு வேக எல்லை அமைகிறது. நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் இருமடி மூலத்தை 2.43 ஆல் பெருக்கினால் அவ்வெல்லை நாட் அளவில் கிடைக்கும். நீர்மட்ட நீளம் 4.5 மீட்டர் உள்ள படகுக்கு இது ஏறக்குறைய 5.2 நாட், அதாவது மணிக்கு 9.5 கிலோமீட்டர். இதற்கு மேல் எவ்வளவு பெரிய இயந்திரம் மாட்டினாலும் சிறு பாய்மரப் படகு விரைவதில்லை. பின்பகுதி அமிழ்ந்து மின்கலம் மட்டும் தீர்ந்துபோகும்.

எடுத்துக்காட்டாக, ஆட்களையும் சேர்த்து 400 கிலோகிராம் எடையுள்ள, ஏறத்தாழ 5 மீட்டர் நீளப் படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அமைதியான நீரில் 3 நாட் வேகத்தில் தடைவிசை 60 நியூட்டன், 4 நாட்டில் 130 நியூட்டன், 5 நாட்டில் 300 நியூட்டன் என உத்தேசமாகக் கொள்ளலாம். 3 நாட் என்பது நொடிக்கு 1.54 மீட்டர். ஆகவே நீரில் செலுத்தவேண்டிய திறன் 93 வாட் மட்டுமே. ஒரு மின்விசிறியைவிடச் சற்றே கூடுதல்! ஆனால் மின்கலத்திலிருந்து எடுக்கும் திறன் முழுவதும் உந்துவிசையாக மாறுவதில்லை. மின்னோடி, பல்லிணை, சுழல்விசிறி ஆகிய ஒவ்வொன்றிலும் இழப்பு உண்டு. நல்ல வடிவமைப்புள்ள இயந்திரத்தின் மொத்தப் பயனுறுதிறனை 45 விழுக்காடு என்றும், விலைகுறைந்த டிரோலிங் இயந்திரத்தினதை 25 விழுக்காடு என்றும் கொண்டால், அதே 3 நாட்டுக்கு முதலாவது 205 வாட்டும் இரண்டாவது 370 வாட்டும் உறிஞ்சும்.

சென்று திரும்பும் தொலைவு 10 கிலோமீட்டர் என்க. நல்ல இயந்திரத்துடன் 3 நாட்டில் சென்றால் 1.8 மணி நேரமும் 370 வாட்-மணியும் செலவாகும். 4 நாட்டில் 1.35 மணி நேரம், 800 வாட்-மணி. 5 நாட்டில் 1.1 மணி நேரத்திற்கும் குறைவு, ஆனால் 1850 வாட்-மணி. முக்கால் மணி நேரத்தை மிச்சப்படுத்த ஐந்து மடங்கு மின்சாரம் தேவைப்படுகிறது. மின்படகில் வேகத்தைக் குறைப்பதே மிக மலிவான மின்கலம் எனலாம்.

இனி எதிர்க்காற்று. பாய் இறக்கிய நிலையிலும் படகின் உடல், பாய்மரம், கயிறுகள், அமர்ந்திருப்போர் ஆகியவை சேர்ந்து ஏறத்தாழ 1.5 சதுர மீட்டர் பரப்பைக் காற்றுக்குக் காட்டும். 15 நாட் எதிர்க்காற்றில் 3 நாட் வேகம் செல்ல முயன்றால், காற்றின் தடை மட்டும் ஏறத்தாழ 77 நியூட்டன். நீரின் தடையைவிட இது அதிகம்! மொத்தம் 137 நியூட்டன் ஆகிறது. நல்ல இயந்திரத்துக்கு 470 வாட் போதும். டிரோலிங் இயந்திரத்துக்கோ 840 வாட் தேவை. 12 வோல்ட் மின்னழுத்தத்தில் 50 ஆம்பியர் எடுக்கும் இயந்திரம் தரக்கூடியது 600 வாட் மட்டுமே. அதாவது அது நின்றுவிடாது, ஆனால் 3 நாட்டை எட்டாது. கரை சேரும் நேரம் நீளும், மின்கலம் அதற்குள் தீரக்கூடும். பாய்மரப் படகுக்காரருக்கு இங்கே ஒரு வசதி உண்டு. எதிர்க்காற்றில் இயந்திரத்துடன் மல்லுக்கட்டாமல் பாயை விரித்துக் குறுக்கும் மறுக்குமாகச் செல்லலாம். காற்று இருக்கும்போது பாய், இல்லாதபோது இயந்திரம் என்ற ஒழுங்கைக் கடைப்பிடிப்பவருக்குச் சிறிய இயந்திரமே போதும்.

உந்துவிசையும் குதிரைத்திறனும்

விளம்பரங்களில் டிரோலிங் இயந்திரங்கள் பவுண்டு அளவிலும், பெரிய மின் இயந்திரங்கள் வாட் அளவிலும், சில இறக்குமதிகள் குதிரைத்திறன் அளவிலும் குறிக்கப்படுகின்றன. இவை ஒன்றுக்கொன்று நேரடியாக மாற்றத்தக்கவை அல்ல. பவுண்டு என்பது நிலையுந்துவிசை, அதாவது படகைக் கயிற்றால் கட்டி நிறுத்திவைத்து அளக்கும் இழுவிசை. ஒரு பவுண்டு விசை 4.45 நியூட்டன், 55 பவுண்டு என்பது 245 நியூட்டன், அல்லது 25 கிலோகிராம் எடைக்கு நிகரான இழுப்பு. படகு நகரத் தொடங்கியதும் இவ்விசை குறையும். டிரோலிங் இயந்திரத்தின் சுழல்விசிறி குறைந்த புரியடைவு கொண்டதாதலால் 4 நாட்டுக்கு மேல் அதனால் பெரிதாகத் தள்ள முடியாது.

எடையின் ஒவ்வொரு 100 பவுண்டுக்கும் 2 பவுண்டு உந்துவிசை வேண்டும் என்பது பொதுவான கைக்கணக்கு. அதன்படி 400 கிலோகிராம் படகுக்கு 18 பவுண்டு போதும். மேலே கண்ட எதிர்க்காற்றுக் கணக்கை நோக்கினால், இக்கைக்கணக்கு குளத்துக்குரியதேயன்றிக் கடற்கரைக் காயலுக்குரியதன்று என்பது விளங்கும். பழவேற்காட்டில் 45 முதல் 55 பவுண்டு வரை உள்ளதைக் கொள்வதே தகும்.

குதிரைத்திறன் என்று எழுதப்பட்டிருந்தால் மேலும் எச்சரிக்கை தேவை. ஒரு குதிரைத்திறன் 746 வாட். 12 வோல்ட்டில் 50 ஆம்பியர் எடுக்கும் இயந்திரம் உள்வாங்குவதே 600 வாட்தான். அது எப்படி 3 குதிரைத்திறன் தரும்? இணையச் சந்தையில் இவ்வாறான பெயர்ப்பலகைகள் ஏராளம். மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கிப் பார்ப்பது ஒன்றே இதற்கு மருந்து.

வேகக் கட்டுப்பாட்டு முறையையும் கவனிக்கவேண்டும். ஐந்து படி வேகம் கொண்ட மலிவான இயந்திரங்களில், குறைந்த வேகத்தின்போது மின்தடைச் சுருள் ஒன்றின் வழியே மின்னோட்டம் செலுத்தப்படுகிறது. மிஞ்சிய ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. துடிப்பு அகலக் குறிப்பேற்ற முறையில் மின்சாரம் நொடிக்குப் பல்லாயிரம் முறை நிறுத்தித் தொடங்கப்படுவதால் அவ்விழப்பு மிகக் குறைவு. மெதுவாகச் செல்வதே சிக்கனம் என்றிருக்க, மெதுவாகச் செல்லும்போதே வீணாக்கும் இயந்திரத்தை வாங்குவதில் பொருளில்லை. தூரிகையற்ற மின்னோடி இருந்தால் இன்னும் நன்று. தூரிகைகள் தேய்வதும் உப்புக்காற்றில் அரிபடுவதும் இல்லை.

மின்கலம்

மொத்தச் செலவில் பெரும்பங்கு மின்கலத்தினுடையது. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்று எழுதப்பட்ட ஈய-அமில மின்கலம் 1200 வாட்-மணி தருமெனக் கணக்கிடுவது வழக்கமான தவறு. அக்கொள்ளளவு 20 மணி நேரத்தில் மெதுவாக வெளியேற்றினால் மட்டுமே கிடைப்பது. 30 ஆம்பியர் எடுத்தால் அது குறையும். மேலும் பாதிக்குமேல் வெளியேற்றினால் ஈயத் தகடுகளின் வாழ்நாள் சுருங்கிவிடும். நடைமுறையில் 500 முதல் 600 வாட்-மணியே நம்பத்தக்கது. எடையோ 30 கிலோகிராமுக்கும் மேல். மேலே கண்ட 10 கிலோமீட்டர்ப் பயணத்துக்கு டிரோலிங் இயந்திரம் கேட்பது 670 வாட்-மணி. கணக்கு கட்டவில்லை.

வாகனங்களைத் துவக்கப் பயன்படும் மின்கலத்தை இதற்குப் பயன்படுத்தக்கூடாது. அது சில நொடிகள் பெருமின்னோட்டம் தரவென மெல்லிய தகடுகளால் செய்யப்பட்டது. சில மாதங்களில் செயலிழக்கும். வீட்டு இன்வெர்ட்டருக்குரிய குழாய்த்தகட்டு மின்கலம் ஆழ்வெளியேற்றத்தைத் தாங்கும், எங்கும் கிடைக்கும். ஆனால் அதன் எடையும், படகு சாய்கையில் அமிலம் சிந்தும் வாய்ப்பும் குறைபாடுகள்.

லித்தியம் இரும்பு பாசுபேட்டு மின்கலம் 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணிக்கு 1280 வாட்-மணி கொண்டது. அதில் 85 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 1090 வாட்-மணி தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். எடை 11 முதல் 13 கிலோகிராம். ஈய-அமிலம் சில நூறு சுற்றுகள் தாங்குமெனில் இது இரண்டாயிரத்துக்கும் மேல் தாங்கும். வாங்கும்போது விலை கூடுதல். ஆனால் பயன்படும் ஒரு வாட்-மணிக்கு என்ன விலை, எத்தனை சுற்றுகளுக்கு என்று வகுத்துப் பார்த்தால் நிலைமை தலைகீழாகும். இதனுள் அமைந்த மேலாண்மைச் சுற்று எத்தனை ஆம்பியர் தொடர்ந்து அனுமதிக்கும் என்பதைக் கேட்டறிவது இன்றியமையாதது. 50 ஆம்பியர் இயந்திரத்துக்கு 50 ஆம்பியர் எல்லையுள்ள மின்கலம் வாங்கினால், எதிர்க்காற்றில் முழுவேகம் கொடுக்கும் தருணத்தில்தான் அது தன்னைத் துண்டித்துக்கொள்ளும். 100 ஆம்பியர் எல்லை பாதுகாப்பானது.

எந்த மின்கலமாயினும் மூன்றில் ஒரு பங்கை எடுக்காமல் வைத்திருப்பது நல்ல பழக்கம். 1090 இல் 670 போக எஞ்சுவது 420 வாட்-மணி. இது அவ்விதிக்குப் பொருந்துகிறது. ஒப்பீட்டுக்குச் சொன்னால், இம்மின்கலம் முழுவதும் நீரில் செய்யும் வேலை, சிறு பெட்ரோல் இயந்திரத்தில் ஏறத்தாழ ஒரு லிட்டர் பெட்ரோல் செய்யும் வேலையை ஒட்டியது. ஒருமுறை மின்னேற்ற ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவான மின்சாரம் போதும். 10 ஆம்பியர் மின்னேற்றி இரவு முழுவதும் எடுத்துக்கொள்ளும். 100 வாட் சூரியத்தகடு ஒன்று இப்பகுதியின் வெயிலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 வாட்-மணி தரும்; வாரம் ஒருமுறை படகெடுப்பவருக்கு அதுவே தாராளம்.

கம்பியும் உருகியும்

பலரும் பிழைசெய்யும் இடம் இது. எடையைச் சமன்செய்ய மின்கலத்தை அணியத்தருகே வைத்து, அமரத்தில் உள்ள இயந்திரத்துக்கு 5 மீட்டர் தொலைவு கம்பி இழுப்பதாகக் கொள்வோம். போக்குவரவாக 10 மீட்டர். 4 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியின் மின்தடை 0.044 ஓம், 50 ஆம்பியர் பாய்ந்தால் 2.2 வோல்ட் வழியிலேயே போய்விடும். 12 வோல்ட்டில் இது 18 விழுக்காடு; 110 வாட் வெப்பம் கம்பியில் தேங்கும். 16 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இழப்பு 0.55 வோல்ட் மட்டுமே. வீட்டு மின்கம்பி கையில் இருக்கிறதென்று அதையே இழுத்துவிடக்கூடாது. 48 வோல்ட் இயந்திரத்தில் ஒரு கிலோவாட்டுக்கே 21 ஆம்பியர்தான் பாயும் என்பதால் இச்சிக்கல் குறைவு.

மின்கலத்தின் நேர்முனைக்கு மிக அருகில் 60 ஆம்பியர் உருகி அல்லது நேர்மின்னோட்டத் துண்டிப்பான் கட்டாயம். லித்தியம் மின்கலத்தின் முனைகள் குறுக்கிட்டால் பாயும் மின்னோட்டம் ஓர் இரும்புத் திருகியைப் பழுக்கக் காய்ச்சப் போதுமானது. வீட்டுச் சுவரில் பொருத்தும் மாறுமின்னோட்டத் துண்டிப்பான் இதற்கு உதவாது.

உப்பு, ஆழம், தண்டு

டிரோலிங் இயந்திரங்களுள் நன்னீருக்குரியவை, உப்புநீருக்குரியவை என இரு வரிசைகள் உண்டு. மின் கோட்டாவின் என்டியூரா முதல் வகை; ரிப்டைடு இரண்டாம் வகை. பின்னதில் அரிமானம் தாங்கும் பூச்சும், தானே கரைந்து மற்ற உலோகத்தைக் காக்கும் துத்தநாகத் துண்டும் இருக்கும். பழவேற்காட்டில் நன்னீர் வகையை ஓட்டவே முடியாது என்பதில்லை. ஒவ்வொரு முறையும் நன்னீரால் கழுவி, நீரிலிருந்து எடுத்து வைப்பவரிடம் அது சில ஆண்டுகள் உழைக்கும். நீரிலேயே தொங்கவிட்டால் ஒரு கோடையைத் தாண்டாது.

தண்டின் நீளம் பொதுவாகக் குட்டை 38 செ.மீ., நெடியது 51 செ.மீ. என இரு அளவுகளில் வரும். பின்பலகையின் உயரத்தைப் பொறுத்து இதைத் தெரிவு செய்வர். விசிறி நீர்மட்டத்துக்கு அருகில் இருந்தால் காற்றை இழுத்து வெறுமனே சுழலும். ஆழமாக இருந்தால் தரைதட்டும். ஒரு மீட்டர் ஆழ ஏரியில், தண்டை மேலும் கீழும் நகர்த்தக்கூடிய டிரோலிங் வகைக்கு இதனால் தனி மதிப்பு உண்டு. விலையுயர்ந்த ஒரு கிலோவாட் இயந்திரங்கள் பலவற்றில் இவ்வசதி இல்லை. விசிறியைத் தண்டுடன் இணைக்கும் முறிஊசி, தரையிலோ கழியிலோ இடித்தால் தான் முறிந்து பல்லிணையைக் காக்கும். மாற்று ஊசிகள் இரண்டும், வலை அறுக்க ஒரு கத்தியும் படகில் இருக்கவேண்டும். வலையை அறுக்கும் முன் அதன் உடைமையாளரைக் கூப்பிட்டுப் பார்ப்பது இப்பகுதி வழக்கம் அறிந்தோர் செய்வது. பாயில் செல்லும்போது இயந்திரத்தைச் சாய்த்து உயர்த்திவிடவேண்டும். நீரில் விட்டால் படகை அது பின்னிழுக்கும்.

விலையும் தெரிவும்

அமெரிக்கச் சந்தையில் 30 முதல் 55 பவுண்டு டிரோலிங் இயந்திரங்கள் ஏறத்தாழ 150 முதல் 350 டாலருக்கும், மின்கலத்துடன் கூடிய ஒரு கிலோவாட் இயந்திரங்கள் ஏறத்தாழ 2000 முதல் 3000 டாலருக்கும் விற்கப்படுகின்றன. இந்தியாவில் இவற்றின்மேல் சுங்கவரியும் கொண்டுவரும் செலவும் சேரும். டார்கீடோவின் டிராவல் 1103 இல் 915 வாட்-மணி மின்கலமும், இ-புரொபல்சனின் சுபிரிட் 1.0 பிளசில் 1276 வாட்-மணி மின்கலமும் உண்டு. பயனுறுதிறன், எடை, நீர்க்காப்பு ஆகியவற்றில் இவை சிறந்தவை. மின்கலம் தனி வடிவினதாதலால் அது பழுதடைந்தால் அதே நிறுவனத்திடமே வாங்கவேண்டும் என்பதும், பழுது நீக்குவோர் அருகில் இல்லை என்பதும் இவற்றின் குறைகள்.

சிக்கனம் நோக்குபவருக்கு, உப்புநீருக்குரிய 55 பவுண்டு டிரோலிங் இயந்திரமும் தனியாக வாங்கிய 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாசுபேட்டு மின்கலமும் சேர்ந்த இணையே பொருத்தமானது. நாள்தோறும் 10 கிலோமீட்டருக்கு மேல் இயந்திரத்தில் செல்வோருக்கு இது போதாது. மின்சார ஆட்டோ ரிக்சாவின் 48 வோல்ட் மின்னோடியைக் கொண்டு தாமே செய்துகொள்ளும் முயற்சிகளும் உண்டு. பொறியியல் மாணவருக்கு அது நல்ல பயிற்சி. ஆனால் தண்டின் நீர்க்காப்பு அடைப்பில்தான் அம்முயற்சிகள் பெரும்பாலும் தோற்கின்றன. அன்றாடம் தொழிலுக்குச் செல்லும் மீனவருக்கு இன்றைய நிலையில் டீசல் இயந்திரத்தின் இடத்தை இவை எதுவும் நிரப்பா.

பாதுகாப்பும் சட்டமும்

2011 திசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தோரை ஏற்றிச்சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். இதன் பின்னர் இங்கு சுற்றுலாப் படகுச் சவாரி தடைசெய்யப்பட்டது. ஆழம் குறைந்த ஏரிதானே என்னும் எண்ணம் தவறானது. முகத்துவாரத்தை ஒட்டி ஓதநீரின் ஓட்டம் விரைவானது. 3 நாட் செல்லும் படகை 3 நாட் ஓட்டம் அப்படியே நிறுத்திவிடும், அதற்கு மேற்பட்டது கடலுக்குள் இழுத்துச் செல்லும். மேலே விவரித்த இயந்திரம் எதுவும் முகத்துவாரத்துக்கோ கடலுக்கோ உரியதன்று. ஒவ்வொருவருக்கும் மிதவை அங்கி, இரண்டு துடுப்புகள், ஒரு கழி, நங்கூரம் ஆகியவை மின்கலம் முழுமையாக இருக்கும் நாளிலும் படகில் இருக்கவேண்டியவை. மின்கலப் பெட்டியைப் பட்டையால் இறுகக் கட்டவேண்டும். படகு சாயும்போது நகரும் எடை படகைக் கவிழ்க்கும்.

2021 ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 1917 ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்கு மாற்றாக வந்தது. இயந்திர ஆற்றலால் செல்லும் கலங்களுக்குப் பதிவும் தகுதி ஆய்வும் வேண்டும் என்னும் விதிகள் அதில் உள்ளன. மின்சாரத்தில் ஓடுவதால் மட்டும் ஒரு படகு இயந்திரமற்றது ஆகிவிடாது. ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம் ஆகும். அங்கு நுழைய வனத்துறையின் ஒப்புதல் தேவை. பூநாரைகள் கூடும் குளிர்காலத்தில் ஓசையற்ற மின் இயந்திரம் பறவைகளை அவ்வளவாகக் கலைப்பதில்லை. ஆனால் அவை மேயும் ஆழமற்ற இடங்களுக்கு அருகில் செல்வதற்கு அது உரிமம் அன்று. சிறீஅரிகோட்டாவிலிருந்து ஏவூர்தி செலுத்தப்படும் நாட்களில் தனிக் கட்டுப்பாடுகள் அறிவிக்கப்படும்.

பழைய மின்கலம்

ஈய-அமில மின்கலத்துக்குப் பழைய இரும்புக்கடையிலும் விலை உண்டு. அதனால்தான் அது முறைசாரா உருக்கிடங்களுக்குப் போய்ச் சேர்கிறது. கும்மிடிப்பூண்டி வட்டாரத் தொழிற்பேட்டைகளில் உரிமம் பெற்ற ஈய மறுசுழற்சி ஆலைகள் இருப்பினும், திறந்தவெளியில் தகடுகளை உடைத்து உருக்குவோரிடம் சென்றால் ஈயப்புகையும் அமிலமும் மண்ணிலும் கிணற்றிலும் சேரும். சிறுவர்களின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கிறது. 2022 ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்திய மின்கலத்தைத் திரும்பப்பெறும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. ஈய-அமிலம், லித்தியம் ஆகிய இரண்டுக்கும் இது பொருந்தும். புதியது வாங்கும்போதே பழையதை யார் திரும்பப் பெறுவார் எனக் கேட்டு, அதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளலாம். லித்தியம் மின்கலத்துக்குப் பழைய இரும்புக்கடையில் விலை கிடைப்பதில்லை. வீக்கமோ துளையோ ஏற்பட்ட லித்தியம் மின்கலத்தை மேற்கொண்டு மின்னேற்றாமல், வீட்டுக்கு வெளியே, எரிபொருள்கள் இல்லாத இடத்தில் மணல் நிரப்பிய இரும்பு வாளியில் வைத்து ஒப்படைக்கவேண்டும்.